சாதித்தே தீர வேண்டும் என்ற நெருக்கடியைச் சமாளிப்பது எப்படி? நெல்லைச் சீமைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிக்கொள்வதில் நமக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமை காரணமற்றதும் அன்று. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர், திசையன்விளைப் பக்கத்துப் பிள்ளைகள் இங்கே வந்து விடுதிகளில் தங்கிப் படித்து, ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் அரசு ஊழியர்களாகவும் ஆகித் தங்கள் குடும்பங்களின் நிலையையே மாற்றியிருக்கிறார்கள். மழையை நம்பிய நிலமும் நிலையில்லாத கூலியும் உள்ள வீடுகளில், படிப்பு ஒன்றுதான் கைவிடாத சொத்து என்று பெரியவர்கள் எண்ணியதில் தவறே இல்லை. ஆனால் அந்த எண்ணத்தின் முழு எடையும் பதினேழு வயதுப் பிள்ளை ஒன்றின் மீதோ, ஆண்டுக்கணக்கில் போட்டித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் இளைஞர் மீதோ, பெங்களூரிலிருந்து மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பும் மகள் மீதோ மொத்தமாக இறங்கும்போது, அது அவர்களைத் தூக்கி நிறுத்துவதற்குப் பதிலாக நசுக்கத் தொடங்குகிறது.

இந்த நெருக்கடியைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் மூச்சுப் பயிற்சி, தியானம், நேர்மறை எண்ணம் ஆகியவற்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவை பயன் தருபவைதாம். ஆயினும் நெருக்கடியின் பெரும்பகுதி மனத்துக்குள் மட்டும் உருவாவதில்லை என்பது என் உறுதியான கருத்து. வீட்டில் யாரும் வாய்திறந்து சொல்லாத எதிர்பார்ப்பிலிருந்தும், யாரும் விரித்துக் காட்டாத பணக்கணக்கிலிருந்தும், தோற்றால் என்ன ஆகும் என்று ஒருபோதும் பேசி முடிவு செய்யாததிலிருந்தும் அது பிறக்கிறது. பேசப்படாத பாரத்துக்கு எல்லை கிடையாது. பேசிவிட்டால் அது ஓர் அளவுக்குள் வந்துவிடும். ஆகவே கீழே உள்ள படிகளில் குடும்பத்தோடு உட்கார்ந்து செய்ய வேண்டியவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: நெருக்கடியின் அளவை முதலில் பாருங்கள்

எல்லா நெருக்கடியும் தீயதன்று. ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1908இல் எலிகளை வைத்துச் செய்த ஆய்விலிருந்து ஒரு கருத்து வளர்ந்தது. தூண்டுதல் மிகக் குறைவாக இருந்தாலும் கற்றல் சரியாக நடப்பதில்லை, மிக அதிகமாக இருந்தாலும் நடப்பதில்லை, கடினமான வேலைக்கு மிதமான தூண்டுதலே ஏற்றது என்பதே அது. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் சற்றுப் படபடப்பு இருப்பதும், காலையில் தானாக விழிப்பு வருவதும், விளையாட்டில் ஆர்வம் குறைவதும் இயல்பானவை. அவற்றை நோயாக நினைத்து அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கம் வராமலோ அளவுக்கு மீறித் தூங்கிக்கொண்டோ இருப்பது, சாப்பாடு இறங்காதது, எதிலும் பிடிப்பில்லாதது, காரணமில்லாமல் அழுகை வருவது, புத்தகத்தைத் திறந்தாலே நெஞ்சடைப்பது போல் இருப்பது, எல்லாரிடமிருந்தும் ஒதுங்கிப் போவது ஆகியவை தென்பட்டால், மற்ற படிகளுக்குப் போகும் முன் ஒரு மருத்துவரைப் பார்க்க வேண்டும். "நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதி" என்ற பொருளில் ஒரு சொல் வந்தாலும் அன்றைக்கே உதவி தேட வேண்டும். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை இரவும் பகலும் இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

படி 2: யாருடைய எதிர்பார்ப்பு என்பதை எழுதிப் பாருங்கள்

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தனியாக உட்காருங்கள். "நான் இதைச் செய்தே ஆக வேண்டும்" என்று உங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுதுங்கள். அதன் அருகில் இதை உங்களிடம் சொன்னவர் யார், எப்போது சொன்னார், எந்தச் சொற்களில் சொன்னார் என்று எழுதுங்கள். கடைசியாக, அது நடக்காவிட்டால் உண்மையில் என்ன நடக்கும் என்று எழுதுங்கள். அவசரப்படாமல் எழுதினால் இதற்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆகும்.

இவ்வாறு எழுதும் பலர் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள், ஏனெனில் "யார் சொன்னது" என்ற இடத்தில் எழுத ஒன்றும் இருப்பதில்லை. முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ தாய் இரவு வெகுநேரம் வரை பீடி சுற்றுவதைப் பார்த்து வளர்ந்த ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி கிடைக்கும் வேலையில், ஒவ்வொரு ஆயிரமும் தன் கோச்சிங் கட்டணத்துக்குப் போகிறது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். "நீ டாக்டராகாவிட்டால் என் உழைப்பெல்லாம் வீண்" என்று அந்தத் தாய் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் அந்த வாக்கியம் பிள்ளையின் மனத்தில் தாயின் குரலிலேயே கேட்டுக்கொண்டிருக்கும். அன்பும் குற்ற உணர்வும் ஒன்றாகப் பிணைந்து வருவதால், இதைப் பிரித்துப் பார்ப்பதே நன்றிகெட்டதனம் என்று பிள்ளைக்குத் தோன்றிவிடுகிறது. அப்படித் தோன்ற வேண்டியதில்லை. தாய் என்ன விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது அவர் உழைப்புக்குச் செய்யும் மரியாதை.

எழுதி முடித்ததும் வரிகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த விருப்பத்திலிருந்து வந்தவை ஒரு பக்கம், வீட்டார் வெளிப்படையாகச் சொன்னவை ஒரு பக்கம், ஊரும் உறவும் சொல்வதாக நீங்களே ஊகித்துக்கொண்டவை இன்னொரு பக்கம். மூன்றாவது வகையில்தான் பெரும்பாலான வரிகள் போய் விழும். அவற்றை உடனே அடித்துவிட வேண்டாம்; அவைதான் அடுத்த படிக்கான பொருள்.

படி 3: வீட்டில் உட்கார்ந்து பணத்தையும் எதிர்பார்ப்பையும் திறந்து பேசுங்கள்

இந்த வழிகாட்டியில் மிகக் கடினமான படி இதுதான். மிகுந்த பலன் தருவதும் இதுதான். நம் பக்கத்தில் பிள்ளைகளிடம் கடன் விவரத்தைச் சொல்வதில்லை. அடகு வைத்த நகை, வட்டிக்கு வாங்கிய தொகை, சீட்டு எடுத்துக் கட்டிய கல்லூரிக் கட்டணம் ஆகிய எல்லாவற்றையும் பிள்ளைக்குத் தெரியாமல் மறைப்பது பாசம் என்று கருதப்படுகிறது. ஆனால் பிள்ளைக்கு எப்படியோ பாதி தெரிந்துவிடும். தெரியாத மீதியை அது பயத்தால் நிரப்பிக்கொள்ளும். உண்மையான கடன் இரண்டு இலட்சமாக இருக்க, மனத்தில் அது இருபது இலட்சமாக வளர்ந்திருக்கும்.

பேசுவதற்கான நேரத்தைக் கவனமாகத் தேர்ந்துகொள்ளுங்கள். தேர்வு முடிவு வந்த மாலையிலோ, கட்டணம் கட்ட வேண்டிய நாளிலோ, விருந்தாளிகள் இருக்கும்போதோ இந்தப் பேச்சு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இரவு சாப்பாடு முடிந்து எல்லாரும் ஓய்வாக இருக்கும் நேரம் ஏற்றது. பிள்ளை தொடங்குவதாக இருந்தால், "எப்பா, எனக்கு ஒண்ணு தெரியணும். எம் படிப்புக்கு இதுவரைக்கும் எவ்வளவு ஆயிருக்கு, இன்னும் எவ்வளவு ஆகும்? தெரிஞ்சா எனக்குப் பயம் கொறையும்" என்று கேட்கலாம். பெற்றோர் தொடங்குவதாக இருந்தால், "எய்யா, ஒன்கிட்ட மறைச்சு வைக்க ஒண்ணுமில்ல, கணக்க நீயும் பாரு" என்று நோட்டைப் பிள்ளை முன் வைக்கலாம். அப்பாவிடம் நேராகப் பேச வழக்கமில்லாத வீடுகளில் மாமாவையோ படித்த அத்தானையோ நடுவில் வைத்துக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை.

அன்று மூன்று கேள்விகளுக்கு விடை காணப் பாருங்கள்.

முதலாவது, உண்மையான செலவும் அதற்கான வழியும். கல்விக் கடன் வாங்கினால் படிக்கும் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டு வரையிலும் பொதுவாகத் தவணை கட்ட வேண்டியதில்லை. 4 இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை தேவையில்லை. ஆனால் வட்டி அந்தக் காலத்திலும் ஏறிக்கொண்டுதான் இருக்கும் என்பதைப் பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும். 6ஆம் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உள்ளது. அதில் இடம் பெறுவோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இவற்றை அறியாமலே வட்டிக்கு ஓடும் குடும்பங்கள் உள்ளன. அந்த வட்டிதான் பிறகு பிள்ளையின் தலைமேல் ஏறுகிறது.

இரண்டாவது, எத்தனை முறை முயல்வது என்பது. நீட் தேர்வை மீண்டும் எழுத ஓராண்டா, இரண்டாண்டா? குரூப் தேர்வுகளுக்கு எந்த வயது வரை முழுநேரமாக உட்காருவது, அதன்பின் வேலை பார்த்துக்கொண்டே எழுதுவதா? இதை முயற்சி தொடங்கும் முன்பே பேசி எழுதி வைத்துவிட வேண்டும். தோற்ற அன்று இதைப் பேசினால் அது தண்டனை போலக் கேட்கும். முன்பே பேசி வைத்திருந்தால் வெறும் ஏற்பாடாகவே இருக்கும்.

மூன்றாவது, தோற்றால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது. பெற்றோர் வாயிலிருந்தே பிள்ளை இதைக் கேட்க வேண்டும். "கெடைக்கலன்னா வேற படிப்பு பாப்போம், நீ எங்களுக்கு முக்கியம்" என்ற ஒரு வாக்கியத்தை மனத்தில் மட்டும் வைத்திருப்பதால் பயனில்லை. பிள்ளைக்குத் தெரியும் என்று எண்ணிச் சொல்லாமல் விடும் வாக்கியம் இதுதான். உங்கள் பிள்ளைக்கு இது தெரியாது என்றே வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

படி 4: எண்ணிக்கையை நேராகப் பாருங்கள்

2024ஆம் ஆண்டு நீட் தேர்வை 23 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். நாடு முழுவதும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறத்தாழ 1.1 இலட்சம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வை அண்மைக் காலத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதுகிறார்கள். இடங்களோ சில ஆயிரங்கள். அதாவது குரூப் 4 எழுதுவோரில் நூறு பேருக்கு ஒரு இடம்கூட இல்லை. இந்தக் கணக்கைச் சொன்னால் பிள்ளை சோர்ந்துவிடும் என்று சிலர் தயங்குகிறார்கள். ஆனால் கணக்குத் தெரியாத பிள்ளைதான் தோல்வியைத் தன் தகுதிக் குறைவு என்றே முழுவதுமாக எடுத்துக்கொள்கிறது. நன்றாகப் படித்தவர்களிலேயே பெரும்பாலோருக்கு இடம் கிடைக்காத அமைப்பு அது என்று தெரிந்தவருக்குத் தோல்வி வலிக்கும். ஆனால் அவர் தன்னையே வெறுக்கும் நிலைக்குப் போவது குறையும்.

எண்ணிக்கை இப்படி இருக்கும்போது இன்னொரு வழியையும் உடன் வைத்துக்கொள்வது அறிவுடைமை. தாமிரபரணியில் முன்னோர் அணைக்கட்டுகளைக் கட்டி, கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய் என்று தண்ணீரைப் பிரித்துவிட்டார்கள். ஆற்று நீர் முழுவதையும் ஒரே வாய்க்காலில் விட்டிருந்தால் கரை உடைந்திருக்கும். ஒருவர் தன் மதிப்பு முழுவதையும் ஒரே தேர்வில் விடுவதும் அப்படித்தான். குரூப் தேர்வுக்குப் படிப்பவர் அஞ்சல்வழியில் ஒரு பட்டமோ, கணக்கியல் மென்பொருள் பயிற்சியோ, பகுதிநேர வேலையோ, ஊரில் பிள்ளைகளுக்கு டியூஷனோ ஏதேனும் ஒன்றைச் சேர்த்து வைத்துக்கொண்டால் வருமானம் சிறிதாக இருந்தாலும் "நான் வெறுமனே இருக்கிறேன்" என்ற எண்ணம் அகலும். "முழுக் கவனமும் இதில் இல்லாவிட்டால் ஜெயிக்க முடியாது" என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு நாளில் உண்மையான கவனத்தோடு படிக்கக்கூடிய நேரம் எல்லாருக்குமே வரம்புக்கு உட்பட்டதுதான். மீதி நேரம் கவலையில்தான் கழிகிறது என்பதைப் பன்னிரண்டு மணி நேரம் நூலகத்தில் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள்.

படி 5: முடிவைவிட்டு வாரத்தின் வேலைக்கு வாருங்கள்

"நீட்டில் 650 எடுக்க வேண்டும்" என்பது உங்கள் கையில் உள்ள வேலை அன்று. அது ஒரு விருப்பம். "இந்த வாரம் உயிரியலில் இரண்டு பாடங்களை முடித்து, ஒவ்வொன்றிலும் ஐம்பது கேள்விகளுக்குப் புத்தகம் பார்க்காமல் விடை எழுதுவேன்" என்பது வேலை. விருப்பத்தைக் காகிதத்தின் மேலே ஒருமுறை எழுதிவிட்டு, கீழே வாரத்தின் வேலையை மட்டும் எழுதுங்கள். அன்றாடம் நீங்கள் உங்களுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியது இந்த வேலைக்கு மட்டுமே.

படிக்கும் முறையும் நெருக்கடியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். திரும்பத் திரும்பப் படிப்பது மனத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் தேர்வுக் கூடத்தில் ஒன்றும் நினைவுக்கு வராதபோது பயம் பல மடங்காகும். ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைப் படித்துவிட்டுப் பாராமல் நினைவுகூர்ந்து எழுதியவர்கள், அதையே மீண்டும் மீண்டும் படித்தவர்களைவிட ஒரு வாரத்துக்குப் பின் அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். வீட்டில் தவறு செய்யப் பழகியவருக்குத் தேர்வில் வரும் தடுமாற்றம் புதிதாக இராது.

இரவில் நிறுத்தும் நேரம் ஒன்றை வைத்துக்கொண்டு, வேலை முடியாவிட்டாலும் அந்த நேரத்தில் நிறுத்திவிடுங்கள்.

படி 6: ஒப்பீட்டையும் உறவினர் கேள்வியையும் எதிர்கொள்ளுதல்

சித்திரையிலும் ஆடியிலும் ஊர்க்கோயில் கொடை விழாவுக்கு மும்பையிலிருந்தும் சென்னையிலிருந்தும் உறவெல்லாம் வந்து சேரும். முடிவு வெளியாகும் பருவமும் ஏறத்தாழ அதுவே. பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே "என்னல, எத்தன மார்க்கு? கட்-ஆஃப் எவ்வளவு வருது?" என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் தீமை நினைப்பவர்கள் அல்லர், பேச்சைத் தொடங்க அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் கேட்கப்படும் பிள்ளைக்கு ஒவ்வொரு கேள்வியும் பந்தி முழுவதும் கேட்பது போல் இருக்கும்.

இதற்கு விடையை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போவது நல்லது. "பெரியப்பா, எல்லாம் முடிவானதும் நானே வந்து ஒங்ககிட்ட சொல்லுதேன்" என்பது மரியாதையும் குறையாமல், பேச்சும் நீளாமல் முடியும் விடை. அதைச் சொன்ன உடனே அவர்களைப் பற்றி ஒன்று கேட்டுவிடுங்கள்: "மும்பைல மழ தொடங்கிட்டா?" என்றாலே போதும். பெற்றோருக்கும் இதில் கடமை உண்டு. மயினியோ மாமாவோ பிள்ளையை நெருக்கும்போது பக்கத்தில் நின்று "அவனே சொல்லுவான், விடுங்க" என்று ஒரு சொல் சொல்லும் தகப்பனைப் பிள்ளை எளிதில் மறக்காது.

முதலிடம், இரண்டாமிடம் என்று மாநில அளவில் மாணவர் பெயரை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழகப் பள்ளிக் கல்வித் துறை 2017இலேயே நிறுத்திவிட்டது. அந்த நல்ல முடிவின் நோக்கம் இன்னும் நம் தெருக்களுக்கு வந்து சேரவில்லை. பேருந்து நிலையத்திலிருந்து கடைவீதி வரை படமும் மதிப்பெண்ணும் போட்ட ஃபிளெக்ஸ் பலகைகள் நிற்கின்றன. அவற்றை அகற்ற நம்மால் முடியாது. கைபேசியை நம்மால் அடக்க முடியும். முடிவு வெளியாகும் வாரத்தில் வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களை ஓசையில்லாமல் வைத்துவிடுங்கள். அடுத்தவர் ஸ்டேட்டஸ் பார்ப்பதை நிறுத்துங்கள். பிறரோடு ஒப்பிட்டுத் தன்னை அளப்பது மனித இயல்பு என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இலேயே விளக்கினார். இயல்பை ஒழிக்க முடியாது, ஆனால் அதற்குத் தீனி போடாமல் இருக்க முடியும். ஒப்பிட்டே ஆக வேண்டுமானால், மூன்று மாதங்களுக்கு முன் நீங்களே எழுதிய விடைத்தாளை எடுத்து இன்றைய விடைத்தாளோடு ஒப்பிடுங்கள்.

படி 7: உடம்புக்கு உரியதைக் கொடுங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பதின்வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரமும் பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரமும் தூக்கம் தேவை. பகலில் படித்தது நினைவில் பதிவதும் தூக்கத்தில்தான். மாலை நான்கு மணிக்குப் பின் காபியும் தேநீரும் வேண்டாம். நாளைக்கு அரை மணி நேரமாவது நடக்க வேண்டும். படபடப்பு மிகுந்தால் மூச்சை உள்ளே இழுக்கும் நேரத்தைவிட வெளியே விடும் நேரம் நீளமாக இருக்கும்படி ஐந்து நிமிடம் செய்யுங்கள்; மூச்சை மெல்ல வெளிவிடும்போது இதயத் துடிப்பு தணிகிறது.

படி 8: தேர்வு நாள்

ஜெரார்டோ ரமிரெஸ், சியான் பெய்லாக் ஆகிய இருவரும் 2011இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயங்களை எழுதிய மாணவர்கள், குறிப்பாகத் தேர்வுப் பயம் மிகுந்தவர்கள், எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். மனத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் பயம் சிந்திப்பதற்கான இடத்தை அடைத்துக்கொள்கிறது. எழுதிவிட்டால் அந்த இடம் ஓரளவு விடுபடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். நீட் எழுதுவோர் பேனாவை உள்ளே கொண்டு போக முடியாது, பிற்பகல் 1.30 மணிக்கு வாயில் அடைக்கப்படும் என்பதால், இதை வீட்டிலோ மையத்துக்குப் போகும் வழியிலோ முடித்துவிட வேண்டும். எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம். யாரும் படிக்க வேண்டியதில்லை.

கூடத்துக்குள் நெஞ்சு படபடத்தால் அதை அடக்கப் போராடாதீர்கள். உடம்பு ஒரு பெரிய வேலைக்குத் தயாராகிறது என்று உங்களுக்குள் சொல்லிக்கொண்டு முதல் கேள்வியைப் படியுங்கள். 2025 முதல் நீட்டில் 180 கேள்விகளுக்கு 180 நிமிடங்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். ஆகவே முதல் சுற்றில் உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் முடித்துவிடுங்கள். தெரியாத கேள்வியோடு மல்லுக்கட்டுவதில்தான் நேரமும் தைரியமும் ஒருங்கே கரைகின்றன. வெளியே வந்ததும் விடைகளைச் சரிபார்க்கும் கூட்டத்தில் நிற்காமல் நேராக வீட்டுக்கு வாருங்கள்.

படி 9: முடிவு வெளியாகும் நாள்

இந்த நாளுக்கு ஏற்பாடு செய்யும் குடும்பங்கள் மிகக் குறைவு; ஆனால் மிகுந்த கவனம் தேவைப்படும் நாள் இதுவே. முந்தைய இரவே சிலவற்றை முடிவு செய்யுங்கள். முடிவைப் பிள்ளை தனியாகப் பார்க்க வேண்டாம்; வீட்டார் ஒருவராவது அருகில் இருக்க வேண்டும். கணினி மையத்திலோ நண்பன் கைபேசியிலோ பார்ப்பதைவிட வீட்டில் பார்ப்பது நல்லது. எந்த மதிப்பெண் வந்தாலும் முதல் ஒரு மணி நேரத்துக்கு அதைப் பற்றிக் கேள்வி கேட்பதில்லை என்று பெற்றோர் தங்களுக்குள் உறுதி செய்துகொள்ள வேண்டும். உறவினர் தொலைபேசி அழைப்புகளை யார் எடுப்பது என்றும் பேசி வையுங்கள்.

வீட்டில் வயலுக்காக வாங்கி வைத்த பூச்சிமருந்து இருந்தால், இந்த நாள்களில் மட்டுமல்ல, எப்போதுமே பூட்டிய இடத்தில், சாவி பெரியவர் ஒருவரிடம் இருக்கும்படி வைத்துவிடுங்கள். ஒரு கணத்தின் கொந்தளிப்பு பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அந்தச் சில மணி நேரத்தைக் கடத்த உதவுவது எதுவானாலும் அது உயிரைக் காக்கும். பிள்ளையின் முகம் பார்க்கக் கவலையாக இருந்தால், "செத்துப் போகலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது; ஏற்கெனவே இருந்தால் சொல்வதற்கு வழி பிறக்கும். ஆம் என்று பதில் வந்தால் தனியாக விடாமல் உடன் இருந்து 14416 எண்ணை அழையுங்கள்.

பிளஸ் டூவில் ஒரு பாடம் போய்விட்டால் அதே ஆண்டு கோடையிலேயே துணைத் தேர்வு உண்டு. அதில் தேறி அந்த ஆண்டே கல்லூரியில் சேரலாம். மதிப்பெண் எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தால் விடைத்தாள் நகல் பெற்று மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம். இந்தத் தகவல்களை முடிவு வரும் முன்பே பிள்ளை அறிந்திருக்கட்டும்.

வேலைக்குப் போனவர்களுக்கு

நெருக்கடி படிப்போடு முடிவதில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்து, தீபாவளிக்கு ஊருக்கு வர ரயிலில் டிக்கெட் கிடைக்காமல் அலையும் பிள்ளைகளில் பலர், மாதச் சம்பளத்தில் வீட்டுக் கடன் தவணை, தங்கையின் கல்யாணச் செலவு, தம்பியின் கட்டணம் ஆகியவற்றைச் சுமந்துகொண்டு, அலுவலகத்தில் அப்ரைசல் குறைந்துவிடுமோ என்ற பயத்தோடு பத்து மணி வரை உட்கார்ந்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வேலைச் சோர்வுக்கு மூன்று அடையாளங்களைக் குறிப்பிட்டது: ஆற்றல் முழுவதும் வற்றிப்போன உணர்வு, வேலையின் மீது வெறுப்போ விலகலோ, செய்திறன் குறைதல். மூன்றும் சேர்ந்து இருந்தால் விடுமுறை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து தூங்குவது மட்டும் போதாது. வேலையின் அளவைப் பற்றி மேலாளரிடம் பேச வேண்டும். "என்னால் முடியவில்லை" என்று தொடங்குவதைவிட, கையில் உள்ள வேலைகளின் பட்டியலை எழுதிக் காட்டி, இவற்றில் எதை முதலில் முடிக்க வேண்டும், எதைத் தள்ளி வைக்கலாம் என்று கேட்பது பலன் தரும்.

வீட்டுக்கு அனுப்பும் தொகைக்கும் மூன்றாம் படியில் சொன்ன பேச்சு வேண்டும். எவ்வளவு அனுப்ப முடியும், எத்தனை ஆண்டுகள், எதற்காக என்று பேசி முடிவு செய்யுங்கள். ஊரில் சொந்தக் கடை வைத்திருக்கும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். அப்பா நடத்திய கடையை அவரைவிடப் பெரிதாக்கிக் காட்ட வேண்டும் என்ற நெருக்கடியில் தகுதிக்கு மீறிச் சீட்டு எடுப்பவர்கள், வரவையும் கடனையும் வேறொருவரிடம் மாதம் ஒருமுறை காட்டும் வழக்கத்தை வைத்துக்கொண்டால், இரவில் விழித்திருந்து தனியாகக் கணக்குப் போடும் துன்பம் குறையும்.

எங்கே போவது

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் வட்டார அரசு மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாள்களில் மனநல மருத்துவர் வருகிறார். உங்கள் பக்கத்து மருத்துவமனையில் எந்தக் கிழமை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மனநலப் பிரிவுக்குப் போனால் "கோட்டி" (பைத்தியம்) என்று ஊர் சொல்லும் என்ற பயம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பயத்தால் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் நோயை ஆழமாக்குகிறது. தூக்கமின்மைக்கும் பதற்றத்துக்கும் அங்கே தினமும் சாதாரண மனிதர்கள் வந்து போகிறார்கள்.

யாரேனும் தற்கொலைக்கு முயன்றிருந்தால், போலீஸ் வழக்கு வரும் என்று அஞ்சி மருத்துவமனைக்குக் கொண்டு போகாமலோ காரணத்தை மறைத்தோ விடாதீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவின்படி, மாறாக நிறுவப்பட்டாலொழிய, அவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார், தண்டிக்கப்பட மாட்டார். அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்க வேண்டியது அரசின் கடமை. மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

முதல்முறை போகும்போது பிள்ளையைத் தனியாக அனுப்பாமல், அது நம்பும் ஒருவர் உடன் போக வேண்டும். அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அத்தையோ அண்ணனோ ஆசிரியரோ யாராகவும் இருக்கலாம். தூக்கம் எப்போதிலிருந்து கெட்டது, சாப்பாடு எப்படி இருக்கிறது, வேறு என்ன மாத்திரை எடுக்கிறார் என்பவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும் என்றால் வெளியே காத்திருங்கள். உள்ளே என்ன பேசினாய் என்று திரும்பி வரும் வழியில் கேட்க வேண்டாம்.